கயிறு பிடிக்க மறுத்த நாள்

இன்று காலை ஒரு வேப்பமரத்தின் மேல் உட்கார்ந்து கிளை அறுத்துக்கொண்டிருந்தேன். காய்ந்த பாகம் முடிந்து மெஷின் ரம்பம் பச்சைக்குள் இறங்கியதும் அந்தக் கசந்த வாசனை எழுந்தது. கூடவே பெட்ரோல் புகை. இரண்டும் கலந்தால் அது உன் சட்டையின் வாசனை. மெஷினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கீழே கயிறு பிடித்திருந்தவர், "இன்னா அண்ணாத்தே, மெஷின் மக்கர் பண்ணுதா?" என்று கேட்டார். இல்லை என்று கையசைத்தேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது, மச்சான்.

நாம் இரண்டு பேருமே மரம் அறுக்கிற வேலைக்கென்று பிறந்தவர்கள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் காண்ட்ராக்ட் கூலிகளாக இருந்தோம். நான் மாங்காட்டுக்காரன், ஞாயிறு தவறினாலும் சர்ச் தவறாத வீட்டுப் பிள்ளை. நீ நூம்பலில் பயிர் வைத்த குடும்பம்; நீ வேலைக்கு வரும் முன்பே உங்கள் வயல் மனைகளாகியிருந்தது. கம்பெனி ஒரு ஷிப்டை மூடியபோது முதல் பட்டியலிலேயே நம் இருவர் பெயரும் இருந்தது. அந்த மழைக்காலத்துப் புயலில் தெருவுக்குத் தெரு மரம் விழுந்து கிடந்தது. நீ எங்கிருந்தோ ஒரு கைரம்பத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "மாமே, சும்மா குந்திக்கினு இருக்காத. வா, மரம் அறுக்கலாம்."

விழுந்த மரங்கள் முடிந்த பிறகுதான் நிற்கிற மரங்களைப் பார்க்கிற வேலை வந்தது. நூம்பலைத் தாண்டி, ஏரிக்கு அந்தப் பக்கம் புதர்க்காட்டை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டியவர்களே நம்மை அதிகம் கூப்பிட்டார்கள். காரையும் சூரையும் களாவும் மண்டிய காடு அவர்கள் மதில்சுவர் வரை வந்து நின்றது. பாதிப் பேருக்கு அதைக் கண்டு பயம். சுவருக்கு உள்ளே வெளியே என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அடித்துத் தள்ளச் சொல்வார்கள். "செவுத்துக்கு அந்தாண்ட கீறது உங்களுதும் இல்ல, எங்களுதும் இல்ல சார்" என்று நீ சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாய். அப்படிச் சொல்லி எத்தனை வேலையை இழந்தோம். வீடு திரும்பும்போது பைக்கின் பின்னால் உட்கார்ந்து நான் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். நீ காதில் வாங்கவே மாட்டாய்.

ஏறுவது நீ, கயிறு பிடிப்பது நான். அதைப் பேசி முடிவு செய்யவில்லை. முதல் நாள் அப்படி அமைந்தது, அப்படியே நின்றுவிட்டது. ஏறும் முன் மரத்தைச் சுற்றி வருவாய். கத்தியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டி, காதை வைத்துக் கேட்பாய். எங்கே உள்ளே பொந்து, எங்கே கரையான் என்று சொல்வாய். அண்ணாந்து கூடு தேடுவாய். கூட்டில் குஞ்சு இருந்தால் வேலை மூன்று வாரம் தள்ளிப்போகும். வீட்டுக்காரரிடம் அதை எப்படிச் சொல்வது என்ற கவலை மட்டும் எனக்கு.

அந்தக் கடைசித் தெருவின் கடைசி வீட்டு நர்சம்மாவை முதல் தடவை பார்த்தது நினைவிருக்கிறதா? வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தவர். மொட்டைமாடியின் மேல் ஒரு பெரிய வாகை சாய்ந்திருந்தது. மாடிப்படியில் பாம்பைப் பார்த்துவிட்டு நமக்கு போன் செய்திருந்தார்.

"இந்த மரத்த வேரோட எடுத்துடுங்கப்பா. துணி காயப் போடக்கூட மாடிக்குப் போக மாட்டேங்கிறேன்."

நீ மரத்தைப் பார்க்காமல் நேராகப் பின்கட்டுக்குப் போனாய். உடைந்த ஓடு, காய்ந்த தென்னமட்டை, பழைய பலகை எல்லாம் சுவரோடு சேர்த்துக் குவிந்து கிடந்தன. ஒரு மட்டையைக் குச்சியால் புரட்டினாய். இரண்டு எலி ஓடின.

"எலி இங்க கீதும்மா. அதான் பாம்பும் இங்க வருது. மரம் பாவம், இன்னா பண்ணும்?"

இரண்டு நாள் அந்தக் குப்பையை அள்ளினோம். மாடியைத் தொட்ட கிளைகளை மட்டும் எடுத்து, சாய்ந்த பக்கத்தின் பாரத்தைக் குறைத்தோம். சுவரை ஒட்டி நாலடி அகலத்துக்குச் சருகைக் கூட்டி மண்ணை வெறுமையாக்கினாய். கோடையில் நெருப்பு வந்தால் அங்கேயே நின்றுவிடும் என்றாய். அந்தக் கோடையிலேயே வந்தது. யாரோ குப்பைக்கு வைத்த தீ காட்டில் பிடித்து, நர்சம்மாவின் சுவர் வரை வந்து, தின்னச் சருகு இல்லாமல் அணைந்தது. "செவுரு கருத்ததோட போச்சுப்பா" என்று அவர் போனில் சொன்னதை நீ ஒரு வாரம் டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அபூர்வம்.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் அந்த வாகைக்குப் போனோம். ஐந்தாவது வருடம் நர்சம்மா டீ கொண்டுவந்து நீட்டினார். உன் கை டம்ளரை விட்டு இரண்டு விரல் தள்ளிப் போனது. அவர் உன் முகத்தையே பார்த்தார்.

"சுகர் பாத்தியாப்பா?"

"எனக்கு இன்னாம்மா சுகரு? மாடு மாதிரி கீறேன்."

நீ சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். என்னால் அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து நீ முப்பதடி உயரத்தில் இருந்தாய். நான் கீழே கயிற்றோடு. நீ கைரம்பத்தால் ஒரு சிறு கிளையை அறுத்துக்கொண்டிருந்தாய். திடீரென்று கயிறு என் உள்ளங்கையில் கரகரத்தது. ரம்பம் போகிற தாளத்துக்கே கயிறும் அதிர்ந்தது. அண்ணாந்து பார்த்தேன். ரம்பத்தின் பல் உன் இடுப்புக்குப் போகிற கயிற்றின் மேல் இருந்தது.

"மச்சான், கைய எடு."

நீ நிறுத்தினாய். "இன்னாடா?" என்று கேட்டாய். உனக்குத் தெரியவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாய், ஆனாலும் தெரியவில்லை. அடுத்த கிளை எங்கே, காலை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி உன்னை இறக்கினேன். கயிற்றில் மூன்று புரியில் இரண்டு அறுந்திருந்தது.

"பழைய கயிறு மாமே. தேஞ்சிருக்கும்."

போன மாதம்தான் இருவருமாகப் பாரிமுனைக்குப் போய் வாங்கி வந்த கயிறு அது.

"இனிமே நீ ஏறாத" என்றேன்.

"நான் ஏறாம? நீ ஏறுவியா?"

"யாராவது ஏறட்டும். நீ ஏறினா நான் கயிறு புடிக்க மாட்டேன்."

நீ என்னைப் பார்த்தாய். என்னை அல்ல, என் இடது தோளுக்கு அப்பால் எதையோ. "புடிக்காட்டி போ. ஊர்ல வேற ஆளே இல்லியா?" என்று சொல்லி ரம்பத்தை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாய்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வேறு யாராவது உன்னை ஏற்றிவிட்டால்? அன்று மாலையே உன் வீட்டுக்குப் போய், நீ இல்லாத நேரத்தில் உன் மனைவி கஸ்தூரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் இந்த வேலை செய்கிற நாலு ஆட்களுக்கும் போன் செய்தேன். அவனுக்குக் கண் தெரியவில்லை, மரத்தில் ஏற்றாதீர்கள் என்றேன். உன் பெயரைச் சொல்லி, உன் கண்ணைப் பற்றி, நாலு பேரிடம் சொன்னேன்.

ஒரு வாரத்தில் உன் காதுக்குப் போய்விட்டது. குமணன்சாவடி டீக்கடையில் நான் நின்றிருந்தபோது வந்தாய். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கண்ணு போறது எனக்கு ஆறு மாசமாத் தெரியும் மாமே. அத ஊருக்கெல்லாம் நீ சொல்லணுமா?" என்றாய். "எம் பொழப்புல மண்ணப் போட்டுட்ட."

திரும்பிப் போனாய். அந்தச் சந்திப்பில் பஸ்ஸும் லாரியும் ஓயாது. முன்னால் போன யாரோ ஒருவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு சாலையைக் கடந்தாய். நான் டம்ளரோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வருடம் நாம் பேசவில்லை. சர்க்கரை கண்ணின் உள்நரம்பைத் தின்றுவிட்டது, கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள், கிட்னியும் கெட்டுப்போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. கஸ்தூரி துணி கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். நான் இரண்டு முறை உன் தெரு வரை வந்தேன். ஒருமுறை கையில் பழம்கூட இருந்தது. தெருமுனையில் நின்று, நீ என்ன சொல்வாயோ என்று யோசித்து, திரும்பிவிட்டேன். அதற்குள் நான் ஏறக் கற்றுக்கொண்டிருந்தேன். நாற்பத்து நாலு வயதில், உன்னைப் பார்த்துப் பார்த்து மனதில் இருந்ததை வைத்து.

அடுத்த மழைக்கு முன்னால் நர்சம்மா வீட்டு வாகை மேல் இருந்தேன். கீழே ஒரு கூலியாள் கயிறு பிடித்திருந்தார். அறுத்துக்கொண்டிருந்தபோது உன் குரல் கேட்டது.

"மாமே, சத்தம் சரியில்ல. ரொம்ப ஒட்டி அறுக்கற. கிளை பொறக்கற எடத்துல புடைச்சிக்கினு இருக்கும் பாரு, அத வுட்டு அறு. அது இருந்தாத்தான் மரத்துக்குப் புண்ணு ஆறும்."

குனிந்து பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி, பாதியாகிவிட்ட உடம்பு, முழங்கைக்குக் கீழே டயாலிசிஸ் கட்டு. ஷேர் ஆட்டோ பிடித்துத் தனியாக வந்திருந்தாய். கூலியாளிடம் "இங்க குடுங்க" என்று கை நீட்டி வாங்கினாய். கயிறு உன் கைக்கு மாறியது மேலே எனக்குத் தெரிந்தது. இழுப்பும் இல்லை, தொய்வும் இல்லை.

அதன்பின் ஐந்து மாதம், ஆஸ்பத்திரிக்குப் போகாத நாளெல்லாம் எனக்குக் கயிறு பிடித்தாய். அந்த ஒரு வருடத்தைப் பற்றி நீ பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசிக்கொள்ளலாம், எங்கே போகப்போகிறான் என்று இருந்துவிட்டேன். காய்ச்சல் என்றார்கள், சேர்த்தார்கள், மூன்று நாள்தான் இருந்தாய். நான் வந்து பார்த்தபோது நீ கண் மூடியிருந்தாய். எழுப்ப வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார்.

உன் காரியத்தன்று, பந்தலில் வேலப்பஞ்சாவடி ரவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் போன் செய்த நாலு பேரில் ஒருவர்.

"அண்ணாத்தே, உங்களாண்ட ஒண்ணு சொல்லணும். நீங்க போன் பண்ணப்ப சரின்னுட்டேன். ஆனா ஒரு மாசம் கழிச்சி ஆள் கெடைக்காம அவரு ஊட்டுக்குப் போனேன். தப்புதான். சின்ன மரம்தான், வாங்கன்னு கூப்ட்டேன். வரலன்னுட்டாரு."

"கண்ணு தெரியாதுன்னா?"

"அது இல்ல. அவன் கயிறு புடிக்காத மரத்துல நான் ஏற மாட்டேன்னாரு."

என் போன்கள்தான் உன்னைத் தரையில் நிறுத்தி வைத்தன என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பந்தலை விட்டு எழுந்து உள்ளே போனேன். கஸ்தூரி பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"ரவி வந்து போனப்பவே எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா" என்றேன்.

"நான் பண்றேன்னுதான் சொன்னேன்ணா. அவருதான் வேணாம்னாரு. அவனே வருவான், இருன்னு சொல்லிக்கினே இருந்தாரு."

நான் வரவில்லை, மச்சான். ஒரு வருடம் பார்த்துவிட்டு, கண் தெரியாமல் ஷேர் ஆட்டோ பிடித்து, நீதான் வந்தாய். இடுப்பில் பெல்ட்டைக் கட்டும்போதெல்லாம் அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் நான் மேலே போகிறேன்.