பொட்டு வைத்த சுவர்

உயிருக்கு உயிரான மாப்பிள்ளை தங்கராசுவுக்கு,

நான் சொல்லச் சொல்ல என் தங்கச்சி, உங்கள் செல்வி, எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துகூட வராது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆனால் கண்ணால் பார்த்தது எதுவும் மறக்காது. இப்போது அதுதான் தொல்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நீங்கள் வயரிங் செய்த கார் பார்க்கிங்கில் இன்னும் நான்தான் வாட்ச்மேன். அடித்தளத்தில் கரண்ட் காருக்கு சார்ஜ் போட ஆறு மெஷின் மாட்டியிருக்கிறார்கள். நாளைக் காலையில் திறப்பு. மேலே துணிக்கடை, எப்போதும் பிள்ளைகுட்டிகளோடு கூட்டம்.

மெஷின்களுக்கு உங்கள் பழைய கேபிளிலிருந்தே லைன் எடுத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை. "நல்ல கனமான கேபிளு தாத்தா, எங்கயும் ஒட்டே இல்ல. வயரிங் படத்துல ஒரே துண்டாத்தான் இருக்கு" என்றார் மெஷின் மாட்ட வந்த இன்ஜினியர்.

ஒரே துண்டா?

நீங்கள் வயரிங் செய்த அன்றைக்குக் கேபிள் ஒரு முழம் குறைந்தது. கட்டட முதலாளி அவசரப்படுத்தினார். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் சுவரில் துண்டு வைத்து ஒட்டி, டேப் சுற்றி, சிமென்ட் பூசி மூடினீர்கள். டார்ச் பிடித்தது நான். "வெளக்குக்குத்தானே மச்சான், தாங்கும். நீங்க யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றீர்கள். இடம் மறக்கக்கூடாது என்று ஆயுத பூஜைக்கு அங்கே சந்தனப் பொட்டு வைத்தீர்கள். நீங்கள் போன பிறகும் வருஷம் தவறாமல் நான் வைத்தேன்.

இந்த இடத்தில் செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அண்ணே, செத்தவரு பேரைக் கெடுக்கவா இந்தக் கடுதாசி?"

"எழுது புள்ள" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறாள்.

நேற்று இரண்டு காருக்கு மட்டும் சார்ஜ் போட்டுச் சோதித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைத் தொட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோலச் சுட்டது. வெயிலே எட்டாத சுவர், மாப்பிள்ளை! பொட்டு காய்ந்து உதிர்ந்திருந்தது. ஏதோ கருகுகிற வாடை, வந்தது, போனது.

"சார், அந்தச் சுவரை மட்டும் உடைச்சுப் பாத்துருங்க" என்றேன்.

"சாமி சுவரையா? பொட்டைப் பாத்துட்டு நாங்க அங்க ஒரு ஆணிகூட அடிக்கல. நாளைக்குப் பூசையே அங்கதான் தாத்தா!" சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஏன் உடைக்க வேண்டும் என்று சொல்ல வாய் திறந்தேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கு நினைவு வந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு ரோந்து போய்விட்டேன். நாளைக்கு இரண்டு கார் இல்லை, ஆறு. அந்தச் சுவரை ஒட்டித்தான் எல்லோரும் கைகூப்பி நிற்கப்போகிறார்கள். நீங்கள் இருந்தால் இன்னமும் என்னைப் பேசாதீங்க என்பீர்களா?

என்னை மன்னித்துவிடுங்கள். நாளைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் நானும் செல்வியும் போகிறோம். பூசைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் அவளே இதைப் படிப்பாள். அப்போதும் நம்பாவிட்டால், மெயின் சுவிட்சை எங்கே இறக்குவது என்று எனக்குத் தெரியும். கடப்பாரை எங்கே கிடக்கிறது என்றும் தெரியும். நான் பொட்டு வைத்த சுவரை என் கையாலேயே உடைப்பேன். இது சத்தியம்.

டார்ச் பிடித்த உங்கள் மச்சான்,
கோவிந்தன்