ராகு காலத்தில் கிடைத்த ஒன்றரை மணி நேரம்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். கீழே மிளகாய்க் கிட்டங்கியில் லோடு இறக்குகிறார்கள். மாடியில் எங்கள் சாப்ட்வேர் ஆபீஸ் முழுக்கத் தும்மல்.

இன்றிலிருந்து 'யோசனை வாரம்'. பெயர் வைத்தது முதலாளி. அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். சென்னையில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து அவரே சுவரில் எழுதி ஒட்டினார். இரண்டு வாரத்துக்கு ஒரு தவணை வேலை, அதற்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். அப்படி ஐந்து ஓட வேண்டும். அதன் பிறகு ஒரு வாரம் கஸ்டமர் வேலை கிடையாது. அடுத்து என்ன என்று உட்கார்ந்து பேசலாம், புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கலாம்.

டீ குடித்து முடிப்பதற்குள் வந்தார். "ஏம்மா சுகந்தி, இந்த வாரம் சும்மாதான இருக்கீக? போன ஸ்பிரிண்ட்ல மிச்சம் கெடக்குறத முடிச்சிருவமே."

சும்மாவாம். போன தடவையும் இதே கதை, அதற்கு முந்தின தடவையும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமியும் அவர், பூசாரியும் அவர்.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

செய்ய நினைத்தது ஒன்றே ஒன்று. பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஆப்பில்தான் ஆர்டர் எடுக்கிறார்கள். ஊருக்கு வெளியே அவர்களுடைய சரக்குக் கிட்டங்கிப் பக்கம் சிக்னல் சரியாக இருக்காது. அந்த நேரம் பட்டனை அழுத்தினால் ஆர்டர் போன இடம் தெரியாது. போன சீசனில் கடை கடையாகப் போன் போட்டு, "நீங்க என்ன சரக்கு கேட்டீக?" என்று கெஞ்சினோம். திட்டு வாங்கினோம். தீபாவளிக்கு மகளுக்குத் துணி எடுக்கக்கூட நான் போகவில்லை.

ஆர்டரைப் போனிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்ப வேண்டும். சொல்ல எளிது. அதற்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

மாரீஸ்வரன் மத்தியானமே சொல்லிவிட்டான். "இந்த சீசனும் இப்படியே போச்சுன்னா நான் இருக்க மாட்டேன்க்கா." ஆனைக்குட்டத்துப் பையன், எங்கள் ஆபீஸில் கெட்டிக்காரன் அவன்தான். பெங்களூர்க் கம்பெனி ஒன்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அவன் போய்விட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி.

மூன்று மணிக்குத் திடீரென்று அமைதி. யாரும் வேலை சொல்லவில்லை. மாரி காலண்டரைக் காட்டினான். "ராகு காலம்க்கா. நாலரை வரைக்கும் அண்ணாச்சி பேனாவக்கூடத் தொட மாட்டாக. வெள்ளிக்கிழமை பத்தரைலேருந்து பன்னெண்டு. அதுவும் நமக்குத்தான்."

சிரித்தோம். அப்புறம் போர்டைத் துடைத்துவிட்டுப் படம் போட ஆரம்பித்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

காற்று. தூசி. வாஷிங் மெஷின் மறுபடி மக்கர்.

ஆனால் மூன்றிலிருந்து நாலரை! இவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று. அண்ணாச்சி தன் அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், நாங்கள் இங்கே சண்டை போடுகிறோம், அழிக்கிறோம், திரும்ப எழுதுகிறோம். ஒரே ஆர்டர் இரண்டு தடவை போய்விட்டால்? அதற்கும் வழி கண்டுபிடித்தாயிற்று.

மாரியின் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். "எங்கம்மா கம்பெனில மேகம் இருட்டி இடி இடிச்சா போர்மேனே எல்லாரையும் ரூமை விட்டு வெளிய அனுப்பிருவாரு. ஆர்டர் எம்புட்டு அவசரமா இருந்தாலும் சரி. நமக்கு அப்படி ஒண்ணு இல்லயேக்கா" என்றான்.

"நமக்குத்தான் ராகு இருக்காருல்ல" என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

வேலை செய்கிறது! மாரி சிக்னலை அணைத்துவிட்டு ஆர்டர் போட்டான். போனிலேயே பத்திரமாக நின்றது. சிக்னலைப் போட்டதும் போய்ச் சேர்ந்தது. இன்னும் சோதிக்க வேண்டும், விலை மாறினால் என்ன செய்வது என்று பார்க்க வேண்டும். முக்கால்வாசி முடிந்தது.

மாரிக்குப் பொறுக்கவில்லை. பன்னிரண்டு அடித்ததும் அண்ணாச்சியிடம் ஓடினான்.

"நல்லாருக்கே! எப்ப தம்பி ஆரம்பிச்சீக?"

பொய் சொல்லத் தெரியாதவன். "ராகு காலத்துல அண்ணாச்சி. அப்பத்தான் யாரும் தொந்தரவு பண்றதில்ல."

அண்ணாச்சி கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். "புதுசா தொடங்குறதுக்குத்தான் அந்த நேரம் ஆகாது. பழசத் தொடரலாம், தப்பே இல்ல. எனக்கு இது தோணவே இல்ல பாருங்க. இனிமே அந்த நேரத்துல மிச்ச வேலைகளப் பாருங்க. இது இப்படியே இருக்கட்டும். ஆடி வேற பொறக்கப் போகுது. ஆவணில நல்ல நாள் பாத்து மொதல்லேருந்து ஆரம்பிப்போம்."

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது. நல்ல நேரத்தில் கஸ்டமர் வேலை, கெட்ட நேரத்தில் பழைய வேலை. யோசிக்க நேரமே கிடையாது.  மாரி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தான்.



ஆகஸ்ட் 8, வெள்ளி

மாரிக்கு ஆபீஸில் கடைசி நாள். அந்தப் பெங்களூர்க் கம்பெனிக்கே போகிறான். டீ, மிக்சர், அண்ணாச்சி கையால் சால்வை.

அந்த முக்கால்வாசி வேலையை எனக்கு விளக்க உட்கார்ந்தான். பாதியில் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். ஒரு கஸ்டமருக்கு பில் சரியாக வரவில்லையாம். திரும்பி வந்தபோது மாரிக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"போன்ல சொல்றேன்க்கா."

அழுதேன். மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஆவணி பாதி முடிந்தது. நல்ல நாள் எத்தனையோ வந்து போயிருக்கும், இந்த அவதியில் யார் பார்த்தார்கள்?

கிட்டங்கிகள் இருக்கும் ஆமத்தூர்ப் பக்கம் காலையிலிருந்து சிக்னல் கிடையாது. ஒரு கம்பெனியின் வடநாட்டு ஆர்டர் மொத்தமும் காணோம். போன் மேல் போன். அண்ணாச்சி சட்டையெல்லாம் வேர்த்து நனைந்து என் மேஜைக்கு வந்தார்.

"சுகந்தி, அந்தப் புதுச எடுத்து விடும்மா."

"அது முழுசா முடியல அண்ணாச்சி."

"மிச்சத்த இப்பவே ஆரம்பி."

மணி மூன்றே கால். காலண்டரைக் காட்டினேன். வேண்டுமென்றேதான் காட்டினேன்.

"ராகு காலம் பாக்குற நேரமா இது?" என்று கத்தினார்.

மாரி எழுதியதைத் திறந்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவனுக்கே போன் போட்டேன்.

"அக்கா, நல்லாருக்கீகளா? அவசரமா? சாயங்காலம் கூப்பிடட்டுமா? இங்க இது யோசனை வாரம்க்கா. எல்லாரும் உக்காந்து பேசிட்டிருக்கோம்."

பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.

அவசரமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.