நான்காவது பத்தி

23.9.2010, வியாழன்

காலை தூறல். கடலூர் போய் அனுமதிக் கடிதம் வாங்கி வந்தேன். ஞாயிறு காலை ஆறு முதல் பத்து வரை, சிதம்பரம் நான்கு வீதிகளிலும் மோட்டார் வண்டி கிடையாது. நடை, சைக்கிள் மட்டும். ஆம்புலன்ஸுக்கும் அவசரத்துக்கும் விலக்கு. முப்பது வருடம் நிருபராக மற்றவர்கள் நடத்தியதை எழுதியவன், இப்போது நானே அமைப்பாளர்.

மாலை ஆட்டோ ஸ்டாண்ட். சண்டையை எதிர்பார்த்துப் போனேன். ஓட்டுநர் கனி பாய் மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார். மகள் மும்தாஜுக்கு ஒன்பதாம் மாதம், பிரஷர் ஜாஸ்தி. வீடு வடக்கு வீதிச் சந்தில். வண்டிக்கு வேறு வழி இல்லை.

"நாலு மணி நேரந்தானேன்னு சொல்றீங்க சார். வலி நேரம் பாத்துட்டா வருது?"

அவர் ஆட்டோவைக் கண்டதும் வீதி முனையில் கட்டும் கயிற்றை அவிழ்ப்பார்கள் என்று வாக்குக் கொடுத்தேன்.

24.9, வெள்ளி

பேப்பருக்குச் செய்தி அனுப்பியாயிற்று, நான்கு பத்தி. வாங்க வேண்டியது: நைலான் கயிறு, விசில், தட்டிக்கு ஆணி. சைக்கிளுக்குக் காற்று.

25.9, சனி

மழை. பேப்பரில் செய்தி. மூன்று பத்திதான். விலக்கு பற்றிய நான்காவது இல்லை. இடம் போதாவிட்டால் எடிட்டிங் டெஸ்க்கில் செய்தியின் வாலை வெட்டுவார்கள். புது நிருபர்களிடம் நானே சொல்வது: முக்கியமானதைக் கடைசியில் வைக்காதே. வைத்திருக்கிறேன்.

விலக்கைச் சொல்ல, நனைந்துகொண்டே நான்கு முனைப் பொறுப்பாளர்களின் வீடுகளுக்கும்.
தென்கிழக்கு: சொன்னேன்.
தென்மேற்கு: சொன்னேன்.
வடமேற்கு: சொன்னேன்.
வடகிழக்கு: பழக்கடை செல்வராசு. சேத்தியாத்தோப்பில் உறவில் ஒரு சாவு, அங்கே போயிருக்கிறார். அவர் மச்சான் நிற்பாராம். மச்சான் போனை எடுக்கவில்லை.

கனி பாய் ஆட்டோ அந்த முனை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். விடிந்ததும் நானே அங்கே நிற்பது என்று முடிவு.

26.9, ஞாயிறு

5.30 முதல் வடகிழக்கு முனை. கயிறு கட்டினேன். மச்சான் வரவில்லை. 6.20-க்கு போன்: தொடங்கி வைக்க வந்தவர் கீழ வீதியில் காத்திருக்கிறார். போனேன். பத்து நிமிடத்தில் திரும்புவதாக நினைப்பு. பேசினார்கள். பழக்கம், நோட்டை எடுத்துக் குறிப்பு எழுதிக்கொண்டு நின்றேன். செல் சைலண்டில்.

பார்த்தபோது மூன்று மிஸ்டு கால், மூன்றும் கனி பாய். முதலாவது 7.38.

சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றது. ஓடினேன். ஆட்டோ கயிற்றுக்கு உள்ளே நின்றது. இடையில் வந்து சேர்ந்திருந்த மச்சான் நேற்றைய பேப்பரைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எந்த வண்டியும் கெடையாதுன்னு போட்டுருக்குது பாய். நானா எழுதுனேன்?"

பின்சீட்டில் தாயின் மடியில் மும்தாஜ். வலிப்பு வெட்டி வெட்டி இழுத்தது. நனைந்த நைலான் முடிச்சு, நான் போட்டது, நகத்துக்கு அவிழவில்லை. பூக்காரம்மா கத்தி கொடுத்தார். அறுத்தேன். கனி பாய் என்னைப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். 7.52.

பதினான்கு நிமிடம்.

பத்து மணி வரை வீதியில் பிள்ளைகளின் சைக்கிள், கோலம், சிலம்பம். எல்லோரும் கை குலுக்கினார்கள். கனி பாய் போன் ஸ்விட்ச் ஆஃப். மதியம் செய்தி எழுதினேன். கயிற்றில் ஆட்டோ நின்றது முதல் பத்தியில்.

27.9, திங்கள்

வெயில். பேப்பரில் தலைப்பு: வாகனம் இல்லா வீதிகள், மக்கள் உற்சாகம். நான் எழுதிய முதல் பத்தி இல்லை. டெஸ்க்குக்கு போன் செய்தேன். நல்ல செய்தியை எதற்குக் கெடுப்பது என்று எடுத்துவிட்டார்களாம்.

ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்தேன். மும்தாஜைக் கடலூர் கொண்டு போயிருக்கிறார்கள். 9.10 பஸ்.

ஆஸ்பத்திரி நடையில் கனி பாய், நேற்றைய சட்டையோடு. பெண் குழந்தை, நலம். மும்தாஜ் இன்னும் கண் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் கொடுத்தார். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"பேப்பர் பாத்தேன் சார். நல்லபடியா நடந்துச்சாமே."