சாமி போன சந்து

பங்குனி 22, செவ்வாய்

காலையிலேயே கொளுத்தும் வெயில். புளி வரத்து நன்றாக இருக்கிறது. மலையோரத்துச் சரக்கு, நார் குறைவு, நிறம் போகாதது. இன்றைக்கே ரயிலுக்குப் போயிருக்கணும். போகலை.

முனியன் பாரத்தோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு மண்டி வாசலில் வந்து நின்றான். நான் மண்டி வைத்த நாளிலிருந்து வண்டி ஓட்டுகிறவன், ஒருநாளும் இப்படித் திரும்பினதில்லை.

"மொதலாளி, சந்துல கல்லு நட்டு முள்ளுக்கம்பி கட்டிக்கினு கீறாங்க. ஆளு நொழையக்கூட எடமில்ல."

போய்ப் பார்த்தேன். ரைஸ்மில் வரதராஜுலு நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பி கட்டுவதை மேற்பார்வை பார்க்கிறார். "இது வழியில்ல மண்டிக்காரரே, என் பட்டா. மழைத்தண்ணி போற வாய்க்கா." வாய்க்காலில் நேற்று வரைக்கும் என் வண்டிச்சக்கரத் தடம்.

பஞ்சாயத்து போர்டுக்கு மனு எழுதணும். எழுத வேண்டியவை:

சந்து பஜார் பின்பக்கம் ஆரம்பம், மில் முதுகை ஒட்டிப் போய் வேப்பமரத்தண்டை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட். வலப்பக்கம் சேரிக்காரர்கள் இடுகாடு.

வேறு வழி ஏரிக்கரை. பாரவண்டி போனால் அச்சு முறியும்.

சேரிக்கு அதுவும் கிடையாது. ஏரிக்கரைக்குப் போக ஊர்த்தெரு தாண்டணும். அவர்கள் பிணம் ஊர்த்தெருவில் வரக்கூடாது என்பது இந்த ஊர் நாகரிகம். இந்தச் சந்தும் போனால் செத்தவர்கள் பறந்துதான் போகணும்.

மூன்றாவதை மனுவில் சேர்க்கலாமா? சேர்த்தால் கெட்டுப்போகுமோ? சேர்ப்போம். ஆள்பலம் காட்டின மாதிரி இருக்கும்.

பங்குனி 25, வெள்ளி

பஞ்சாயத்து போர்டு கூட்டம். நான் பார்வையாளர் பெஞ்சில். பெஞ்சுக்கு ஒரு கால் ஆட்டம். போர்டுக்கு எல்லாக் காலும்.

இந்த ஊரை ஆளுகிறவர்கள், எனக்கு மறக்காமல் இருக்க:

பிரசிடெண்டு – வீட்டு நெல் வரதராஜுலு மில்லில் அரைபடுகிறது, கூலி இல்லாமல்.

ஜல்லி காண்டிராக்டர் – ஏரிக்கரை ரோட்டில் வண்டி ஓடினால்தான் ரோடு உடையும். உடைந்தால்தான் ஜல்லி.

டாக்டர் என்று சொல்லிக்கொள்ளும் கம்பவுண்டர் – தூக்கம்.

பாக்கி இரண்டு பேர் – பிரசிடெண்டு தலை ஆடினால் ஆடும் தலைகள்.

வரதராஜுலு மெம்பர் இல்லை. மெம்பர்களை வைத்திருக்கிறவர்.

மனுவைப் படித்தார்கள். காண்டிராக்டர் எழுந்தார். "ஊரு மெட்ராஸுக்குப் போவுதா, ஆந்திராவுலயே நிக்குதான்னு இன்னும் முடிவாகல. நாம இன்னிக்கு ஒரு பாதையைத் தீர்மானம் பண்ணி, நாளைக்கு மெட்ராஸ்காரன் வந்து வேற மாதிரி அளந்தா யாருக்கு அசிங்கம்?"

"எல்லைக்கோடு எங்க விழுந்தாலும் ஸ்டேஷன் இருந்த எடத்துலதானே இருக்கும்?" என்றேன்.

பிரசிடெண்டு: "அட்லா காது, அப்படியில்ல மண்டிக்காரரே. விஷயம் பெரிசு."

பிறகு நடவடிக்கைக் குறிப்பைத் தெலுங்கில் எழுதுவதா, தமிழில் எழுதுவதா என்று சண்டை. சந்து விஷயத்தை எல்லாரும் மறந்தார்கள். பஜ்ஜி வந்தது. அதில் மட்டும் மொழிப் பிரச்சினை இல்லை. கம்பவுண்டர் விழித்துக்கொண்டார். கடைசியில் 'ஸ்தல விசாரணை' என்று முடிவு.

தலைச்சுமையில் உப்பு விற்றவன் நான். ஒரு படி உப்பு வாங்க இவ்வளவு யோசித்த வீட்டை நான் பார்த்ததில்லை.

பங்குனி 28, திங்கள்

ஸ்தல விசாரணை. ஸ்தலம் சந்து, விசாரணை மில் ஆபீஸில், ஃபேனுக்குக் கீழே. கலர் சோடா வரதராஜுலு உபயம். சந்துக்குள் யாரும் எட்டிப் பார்க்கலை. காண்டிராக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார், வெற்றிலை துப்ப.

சாட்சி சொல்ல முனியனையும் அவன் சேரியில் இன்னும் நாலு பேரையும் கூட்டிப்போயிருந்தேன். வாசலோடு நிறுத்திவிட்டார்கள். முனியன் அங்கிருந்தே பதில் சொன்னான்.

பிரசிடெண்டு: "இந்த வழியில யாராவது போவாங்களாடா?"

"நாங்க போவோம் சாமி."

"அது இல்லடா. யாராவது போவாங்களான்னு கேட்டேன்."

முனியனுக்குப் புரியலை. "நாங்கதான் சாமி. எங்க நைனாவத் தூக்கிக்கினு போனது இப்டித்தான். அதுக்கு முந்தி அவுங்க நைனாவ."

குமாஸ்தா பேனாவை எடுத்தார். பிரசிடெண்டு கையைக் காட்டினார். பேனா கீழே போனது. அவ்வளவுதான் விசாரணை.

ரிப்போர்ட்: 'நேரில் பார்த்ததில் மேற்படி இடத்தில் ஜன நடமாட்டம் காணப்படவில்லை.' முள்ளுக்கம்பி கட்டின இடத்தில் ஜன நடமாட்டம் எப்படிக் காணப்படும்?

வண்டிகள் ஏரிக்கரை வழியாகப் போய்வந்தன. ஒரு வண்டி அச்சு போனது. கொல்லன் வீட்டில் இரண்டு நாள் வேலை.

சித்திரை 3, சனி

சித்தூர். வக்கீலைப் பார்க்க. வீட்டுக்காரி இவளும் வந்தாள், நாளைக்குத் திருப்பதி போகும் சாக்கில். பஸ்ஸில் பின்சீட்டில் இரண்டு பேர் வரும் வழியெல்லாம் திருத்தணி யாருக்கு என்று அடித்துக்கொண்டார்கள். இறங்கும்போதுதான் தெரிந்தது, ஒருவன் பலமனேர், இன்னொருவன் சந்திரகிரி. திருத்தணியை இரண்டு பேரும் பார்த்ததில்லை.

வக்கீல் நல்ல மனுஷன், ஆனால் வக்கீல். "பொதுவழின்னு நிரூபிக்கலாங்க. ரொம்ப காலமா தடையில்லாம ஜனங்க நடந்தாங்கன்னு காட்டணும். முன்சீப் கோர்ட்டு, அப்புறம் அப்பீலு."

"எப்ப முடியும்?"

"புளி என்ன, வருஷா வருஷம் காய்க்கத்தானே போவுது?"

சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

சித்திரை 4, ஞாயிறு

திருப்பதி. மலையேறி இறங்கி, கீழே மாடவீதியில் இவள் வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பாத்திரக்கடைக்காரன் பாதித் தெருவுக்குப் பந்தல் நீட்டி வைத்திருந்தான். போலீஸ்காரன் வந்து எடுக்கச் சொன்னான், எடுக்கலை. நாலு சட்டம் பேசினான். அப்புறம் தெருமுனையில் நாதஸ்வரம் கேட்டது. உற்சவர் வருகிறார். அதே ஆள் வாயைத் திறக்காமல் பந்தல் காலைத் தானே பிடுங்கினான், கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டான்.

பார்த்துக்கொண்டே நின்றேன்.

இவள்: "என்ன, காணாததக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. வளையல் எடு."

நம் ஊரிலும் அப்படித்தான். கங்கையம்மன் ஒரு வழியாகப் போய், நின்று, தேங்காய் உடைத்துவிட்டால் அது சாமி வீதி. அதில் கல் நட்டால் வீட்டில் அம்மை போடும் என்பார்கள். கோர்ட்டு அப்பீலு எதுவும் கிடையாது. பஸ்ஸில் நல்ல தூக்கம்.

சித்திரை 9, வெள்ளி

கங்கையம்மன் ஜாத்திரை பற்றிப் பேசக் கோயிலில் கூட்டம். முதல் தேங்காய் எந்த வாசலில் என்று வருஷா வருஷம் வரும் பேச்சு. பழைய மணியக்காரர் வாசல்தான் வழக்கம். அவர் போன வருஷம் போய்ச்சேர்ந்தார், மகன் மெட்ராஸில்.

நான் எழுந்தேன். "இந்த வருஷம் பொங்கலுக்கு மொத்த அரிசியும் மில்லுலேருந்து வருதாம். மொத மரியாதையும் அங்கதான் போகணும்."

வரதராஜுலு என்னைப் பார்த்தார். சந்தேகம் ஒரு கண்ணில், ஆசை ஒரு கண்ணில். மொத்த அரிசி என்று அவர் சொல்லவேயில்லை. ஆனால் சபையில் இல்லை என்று எப்படிச் சொல்வார்?

பூசாரி: "முன்வாசல்ல உமி மேடு கீது. சப்பரம் திரும்பாது."

"பின்வாசல் கீதே. நல்ல அகலம்," என்றேன்.

பின்வாசல் சந்தில். அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஊர் பார்க்கத் தலையில் பரிவட்டம் என்றதும் எந்தப் பணக்காரனுக்கும் கணக்கு வராது. "ஒரு நாளைக்குத்தானே, கம்பிய அவுத்தா போச்சு," என்று தானே சொல்லிக்கொண்டார். பக்கத்து ஆள் காதில், "மண்டிக்காரன் வழிக்கு வந்துட்டான்."

வந்துவிட்டேன் ஐயா.

சித்திரை 20, செவ்வாய்

ஜாத்திரை. பம்பை, உடுக்கை, வேப்பிலை, புழுதி. சட்டை பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர்.

கல்லை வரதராஜுலு ஆளே பிடுங்கிப் போட்டான். அம்மன் சந்துக்குள் வந்தாள். பின்வாசலில் நின்றாள். தேங்காய் சிதறியது. பரிவட்டம் கட்டிக்கொண்டு வரதராஜுலு நின்ற நிற்பு, மாமனார் வீட்டு விருந்தில் புதுமாப்பிள்ளைகூட அப்படி நின்றிருக்கமாட்டான். பிரசிடெண்டு, காண்டிராக்டர், கம்பவுண்டர் எல்லாரும் அதே சந்தில் வரிசையாக நடந்தார்கள். ஜன நடமாட்டம் இன்றைக்குக் காணப்பட்டது.

சாயங்காலம் வரதராஜுலு ஆட்கள் கல்லைத் திரும்ப நடக் கடப்பாரையோடு போனார்களாம். பூ விற்கிற பொம்பளைகள் பிடித்துக்கொண்டார்கள். "அம்மா நின்ன எடத்துல கல்லு நடறியா? உன் கையி வௌங்குமா? நடுடா பாப்பம்." கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓட்டம்.

ராத்திரி வரதராஜுலு வீட்டில் விளக்கு அணையலை என்று இவள் சொன்னாள். எனக்குப் பசி. இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டேன்.

சித்திரை 23, வெள்ளி

போர்டு அவசரக் கூட்டம். இந்தத் தடவை எல்லை, மெட்ராஸ், மொழி, ஒன்றும் குறுக்கே வரலை. ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் தீர்மானம்.

'தொன்றுதொட்டு சாமி வீதியாக இருந்துவருகிற மேற்படி சந்து பொதுவழி என்றும், ஜனங்களும் பாரவண்டிகளும் தடையின்றிப் போய்வரலாம் என்றும்...'

தொன்றுதொட்டு என்றால் செவ்வாய்க்கிழமையிலிருந்து.

அதோடு விடுவார்களா? வரதராஜுலுவுக்கு மானம் போகாமல் இருக்கணுமே. பிரசிடெண்டு கனைத்துக்கொண்டு கடைசியில் ஒரு வரி சேர்த்தார். 'சாமி வீதியானபடியால் இதில் சவம் எடுத்துப் போகலாகாது.'

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மனுவில் இடுகாட்டைப் பற்றி எழுதினவன் நான்தானே. என்ன சொல்வேன் என்று பார்த்தார். பாரவண்டி என்ற வார்த்தை மேலே இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மத்தியானமே முதல் லோடு சந்து வழியாகப் போனது. முனியன்தான் ஓட்டினான். கடைசி வரியை அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாட்டை அதட்டலை. வழக்கமாகப் பாட்டு பாடுவான்.

சித்திரை 27, செவ்வாய்

விடிகாலையில் முனியன் அம்மா போய்விட்டாள். நல்ல வயசு. படுக்கையில் கிடக்காமல் போனாள்.

கோடித்துணி எடுத்துக்கொண்டு போனேன். பாடை கட்டி வைத்து எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர்த்தெருவுக்கு வழியில்லை, சந்துக்குத் தீர்மானம். மில் ஆட்கள் பின்வாசலில் தடியோடு நிற்பதாகச் செய்தி. வெயில் ஏறுகிறது. பிணம் தாங்காது.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "எடுத்துப் போகக் கூடாதுன்னுதான் போட்டிருக்கான். பாரவண்டி போகலாம்னு இருக்கு. என் வண்டியில வை. மேல கோணி போத்திடலாம். எவன் கேப்பான்?"

முனியன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "எங்கம்மா புளி மூட்டையா மொதலாளி?"

அவன் மச்சான், குரலைத் தாழ்த்தக்கூட இல்லை: "அன்னிக்கு போர்டுல வாயத் தொறக்காம வந்தவருதான இவுரு. வண்டி போவுதுல்ல, அவுருக்கு அது போதும்."

சரியாகத்தான் சொன்னான். 

முனியன்: "தோள்லதான் போவணும். எல்லாரும் அப்டித்தான் போனாங்க."

கோபம். யார் மேல் என்று சொல்லத் தெரியலை. பாதிக்கு மேல் அந்த போர்டு நாற்காலிகள் மேல். மண்டிக்கு வந்தேன். ஷெட்டுக்குப் போக வேண்டிய எல்லா வண்டியிலும் பாரம் ஏற்றச் சொன்னேன். பாதி வண்டி முன்னால். பாதி பின்னால். நடுவில் பாடை, தப்பட்டை. முனியன் தோள் கொடுக்க வேண்டியவன், அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் போகும் அவன் வண்டியை நானே பிடித்தேன். தலைக்கயிறு பிடித்துப் பல வருஷம் ஆச்சு. கை மறக்கலை. இடுப்புதான் மறந்துவிட்டது.

பின்வாசலில் பிரசிடெண்டு, வரதராஜுலு, தடியோடு நாலு பேர்.

"நிறுத்தய்யா வண்டிய! தீர்மானம் தெரியாதா?"

"தெரியும். பாரவண்டி தடையில்லாம போலாம். நீங்க நிக்கறதுதான் தடை. மாடு மிரளும், தள்ளிக்குங்க."

"நடுவுல என்னய்யா அது?"

"ஒரு பொம்பள. இந்த ஊர்க்காரிதான்."

வரதராஜுலு வாயைத் திறந்தார். பின்னால் வண்டிக்காரர்கள் ஒரே நேரத்தில் மாட்டை அதட்டினார்கள். சந்து அகலம் ஒரு வண்டிதான். தடிக்காரர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பிரசிடெண்டு வேட்டியில் வண்டி அச்சு மை.

வேப்பமரத்தண்டை மாடுகள் பழக்கத்தில் ஷெட்டுப் பக்கம் திரும்பின. என் உத்தேசமும் அதுதான், அங்கே பிரிந்து போய்விடுவது. திரும்பிப் பார்த்தேன். தடிக்காரர்கள் கடைசி வண்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். கயிற்றை வலப்பக்கம் இழுத்தேன். மாடு என்னைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி இழுத்தேன்.

இடுகாட்டில் பாரவண்டி திருப்ப இடமில்லை. அது தோன்றவேயில்லை எனக்கு. குழி மூடும் வரைக்கும் அத்தனை வண்டியும், அத்தனை புளியும், நானும் அங்கேயே வெயிலில். சரக்கெல்லாம் மண். ரயில் போய்விட்டது. முனியன் மச்சான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வண்டிச்சட்டத்தில் வைத்தான். குடித்தேன்.