ரெக்கார்டரைத் திருப்பி அனுப்பும் முன்

பெக்கான் நானாஸ்,
14 செப்டம்பர், ஞாயிறு காலை.

அன்பு மகள் லோஷினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நலம், அங்கே ஹோபார்ட் குளிரில் நீயும் காலுறையைப் போட்டுக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் காலைப் பிரார்த்தனை. இதைக் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். தபாலில் போட்டால் இரண்டு வாரம் ஆகும், அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது நடுவிலேயே நின்றுவிடும். முந்தாநாள் பேசும்போது, புது ரெக்கார்டரில் இடது பக்கம் சத்தம் கம்மியாக வருகிறது, கடைக்கு எழுதிவிட்டேன், திங்கட்கிழமை பார்சலில் திருப்பி அனுப்பப் போகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னாய். அனுப்பாதே, லோஷி. இந்தக் கடிதத்தைக் கடைசி வரைக்கும் படித்துவிட்டு, அப்புறம் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய். உன்னிடம் எட்டு மாதமாக ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறேன், அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ அலமாரியில் விட்டுப்போன பழைய ரெக்கார்டரைப் போன டிசம்பரில் நான் எடுத்தது உனக்குத் தெரியும். நீ இல்லாத வீட்டில் எதையாவது செய்ய வேண்டும் என்றுதான் எடுத்தேன், பெரிய ஆசை எல்லாம் இல்லை. அலமாரிக் கதவில் நீ ஒட்டியிருந்த தாளைப் படித்தேன், பேட்டரி போட்டேன், மழை விட்டதும் வீட்டுக்குப் பின்னால் அன்னாசித் தோட்டத்தை ஒட்டிய பரிட்டு வாய்க்காலுக்குப் போய்க் கரையில் நாற்பது நிமிஷம் அசையாமல் நின்றேன். வந்து பார்த்தால் ஒன்றுமே பதியவில்லை. சிவப்புப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் விளக்கு மினுக்கிக்கொண்டு காத்திருக்குமாம், இரண்டாவது தடவை அழுத்தினால்தான் பதியுமாம். நீ அதை எழுதித்தான் வைத்திருந்தாய், நான் தாளின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. உன் அப்பாவுக்கு அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். நாப்பது நிமிஷம் கொசுவுக்கு ரத்த தானம் பண்ணிட்டு வந்திருக்கா லா உங்கம்மா என்று சிங்கப்பூர் துவாஸில் கூட வேலை செய்கிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை பதிந்தது, ஆனால் பாலத்தில் லாரி போவது போல ஒரே இரைச்சல், அது காற்றாம், மைக்குக்கு மேல் அந்தப் பூனைக்குட்டி மாதிரி முடி உறையைப் போட்ட பிறகுதான் அடங்கியது. அதற்கடுத்த தடவை என் வளையல். கையில் பிடித்துக்கொண்டு நின்றால் வளையல் உரசுவது கோவில் மணி மாதிரி விழுகிறது. கடைசியில் வாளியைக் கவிழ்த்து, மேலே துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் ரெக்கார்டரை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றேன்.

அன்றைக்குப் பதிந்ததை ஹெட்போனில் கேட்டபோது எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது, கண்ணு. அந்த வாய்க்கால் தேநீர் நிறத்தில் சும்மா கிடக்கிற தண்ணீர் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அடியில் இருக்கிற கரிமண்ணிலிருந்து குமிழ் ஒன்று கிளம்பி மேலே வந்து உடைவது கேட்கிறது, யாரோ தூக்கத்தில் வாய் திறந்து மூடுவது மாதிரி. அன்னாசி இலை மடிப்பில் தேங்கின மழைநீர் ஒரு சொட்டு, அடுத்த இலைக்கு ஒரு சொட்டு என்று இறங்குகிறது. கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டுவது போல ஒரு தவளை, டக் என்று ஒரு குரல், நிறுத்தம், மறுபடி டக். அந்த நிறுத்தம் ஏன் அவ்வளவு நீளம் என்று யோசித்தேன். நாற்பத்தேழு வயதாகிறது, இந்த வாய்க்காலைத் தாண்டாமல் நான் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை, இவ்வளவும் இங்கேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஆனால் எல்லாம் வலது பக்கத்தில்தான் கேட்டது. இடது பக்கம் பஞ்சு அடைத்த மாதிரி. திரையில் பார்த்தால் சத்தத்தைக் காட்டும் இரண்டு பட்டைகளும் ஏறி இறங்குகின்றன, இடது பட்டைதான் கூடத் துள்ளுகிறது, சத்தம் மட்டும் இல்லை. மைக் நன்றாக இருக்கிறது, அப்படியானால் பழுது வேறு எங்கோ என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். பேட்டரி மாற்றினேன், ஹெட்போன் செருகும் துளையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், மெனுவில் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன், உன் பதிவுகளை எல்லாம் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு கார்டைக்கூட அழித்துப் புதிதாக்கினேன். அதற்கும் சரியாகவில்லை. உன்னிடம் சொன்னேன், நீ, நான் வைக்கும்போது நல்லாத்தான் இருந்திச்சு ம்மா, நீங்க கீழ போட்டீங்களா என்று கேட்டாய். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் உனக்குப் பதில் போடவில்லை, ஞாபகம் இருக்கும்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு கனகராஜ் கடைக்குப் போனேன், பாசார் பக்கத்தில் போன் பழுது பார்ப்பாரே, அவர்தான். ஹெட்போனை மாட்டிக் கேட்டார். அக்கா, ரெண்டு பக்கமும் ஜோரா கேக்குதே, தவளை கத்துது, அதுவும் லெப்ட்லதான் ஜாஸ்தி என்றார். நான் மாட்டினேன், இல்லை. அவர் மாட்டினார், இருக்கிறது. கடையில் தொங்கிய புது ஹெட்போனை எடுத்துக் கொடுத்தார், அதிலும் எனக்கு இல்லை. விக்கிறதுக்காக ஏதாவது சொல்லாதீங்க தம்பி என்று நான் சொல்லிவிட்டேன், அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னாக்கா நீங்க, நம்பலன்னா திருப்பிப் போட்டுப் பாருங்க, இந்தப் பக்கம் அந்தக் காதுக்கு, அந்தப் பக்கம் இந்தக் காதுக்கு, ஹெட்போன் கெட்டிருந்தா பழுது பக்கம் மாறிடும்ல என்றார்.

திருப்பிப் போட்டேன். பழுது மாறவில்லை, லோஷி. இடது காதில் அதே பஞ்சு. ஆனால் வலது காதில், இத்தனை நாள் இடது மைக் பிடித்து வைத்திருந்தது முதல் தடவையாக வந்தது. அதில் இன்னொரு தவளை இருந்தது. முதல் தவளை டக் என்று விட்ட இடத்தில், நான் நீளமான நிறுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அந்த இடத்தில் அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு தவளை தனியாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்று ஒரு மாதமாகப் பாவப்பட்டிருக்கிறேன். கனகராஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டு முக்காலியைத் தள்ளிப் போட்டு, மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா, உக்காருங்க என்றார்.

வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக விளங்கியது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வரிசையின் இடது கோடியில்தான் போய் உட்காருகிறேன். ஓட்டுநர் பயிற்சி ஆபீசில் எனக்கு இடப்பக்க நாற்காலியில் இருக்கிற வாசுகி இரண்டு வருஷமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஊமைக் கோட்டான் மாதிரி இருக்கிறாள் என்று உன்னிடமே குறை சொல்லியிருக்கிறேன். பிற்பாடு கேட்டால் அவள், நான் எத்தனையோ தடவ கூப்பிட்டேன் க்கா, நீங்க திரும்பவே இல்ல, டிகிரி படிச்ச திமிருன்னு நெனச்சிட்டேன் என்கிறாள். காது ஒரே நாளில் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, நானும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டே வந்திருக்கிறேன். இரண்டு பட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிற அந்தச் சின்னப் பெட்டி இல்லாவிட்டால் எனக்கு இன்றைக்கும் தெரிந்திருக்காது.

ஜோகூர் பாருவில் காது டாக்டர் சுகந்தினியைப் பார்த்தோம். அவர் இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். எந்தப் பக்கம் கேட்குது என்று கேட்டார். கேட்காத இடது காதில்தான் அது கணீரென்று கேட்டது! நான் பயந்தே போனேன். அவர் சிரித்துக்கொண்டு, உள் காது நல்லா இருக்கு, வாசல் கதவுதான் இறுகிப்போச்சு என்றார். காதுக்குள் மூன்று எலும்பு இருக்கிறதாம், கடைசி எலும்பு குதிரைச் சவாரிக்காரன் கால் வைக்கிற அங்கவடி மாதிரி இருக்குமாம், ஓர் அரிசியைவிடச் சின்னது. சத்தம் வரும்போது அது ஆட வேண்டும். எனக்கு அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து அது அசையாமல் நின்றுவிட்டது. அம்மாடி, நாம் கேட்ட தாலாட்டு, திட்டு, மழை, எல்லாமே அரிசியைவிடச் சின்ன ஓர் எலும்பு ஆடியதால் கேட்டது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நம்ப முடியவில்லை. அந்த எலும்பின் மேல்பாகத்தை எடுத்துவிட்டு நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு குச்சியை வைக்கலாம் என்றார். நூற்றில் ஒருவருக்கு அந்தக் காது முழுசாகவே போய்விடலாம், வேண்டாமென்றால் காதுக்கருவி மாட்டிக்கொள்ளலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். அப்பா வேண்டாம் என்றார். ஒரு காதே போதும் லா, ரெண்டுலயும் கேட்டா நீ இன்னும் சண்டைக்கு வருவ என்று சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் கார் சாவியை மூன்று தடவை கீழே போட்டார். எனக்கு அந்த இரண்டாவது தவளை மனசை விட்டுப் போகவில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஜூனில் உனக்குப் பரீட்சை நடந்த வாரத்தில்தான் ஆபரேஷன். லைன் சரியில்லை, வீடியோ வேண்டாம் என்று பத்து நாள் சொன்னேனே, அது பொய், காதில் கட்டு இருந்தது. மன்னித்துக்கொள். மரத்துப்போக ஊசி போட்டு, நான் விழித்திருக்கும்போதே செய்தார்கள். ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தேன், தலைக்குள் யாரோ சுரண்டுகிற மாதிரி இருந்தது, உலகம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அப்புறம் திடீரென்று இடது பக்கம் திறந்துகொண்டது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தட்டில் கத்தரி வைக்கிற சத்தம், யாரோ செருப்பை இழுத்து நடக்கிற சத்தம், தூரத்தில் ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம் மலாயில் சுடா மாக்கான் என்று, அதுதான் சாப்பிட்டாச்சா என்று, கேட்கிறாள். டாக்டர் குனிந்து சந்திரமதி, கேக்குதா என்றார் மெதுவாக. கேக்குது டாக்டர், அவங்க இன்னும் சாப்பிடலையாம் என்றேன். அந்த அறையே சிரித்துவிட்டது, எனக்குக் கண்ணீர் மூக்கைத் தாண்டி வலது காதுக்குள் ஓடியது. உடனே பஞ்சை வைத்து அடைத்துவிட்டார்கள். பஞ்சு எடுத்த பிறகு ஒரு மாதம் எல்லாமே அதிகம், செய்தித்தாளைப் புரட்டினால் தீப்பிடித்த மாதிரி, அப்பா முறுக்குச் சாப்பிட்டால் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். இப்போது அடங்கிவிட்டது. போன வாரம் வாசுகி இடப்பக்கத்திலிருந்து மெல்ல அக்கா என்றாள், நான் சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன், அலமாக் என்று பதறி அவள் கையிலிருந்த படிவங்களை எல்லாம் கொட்டிவிட்டாள்.

இனி உன் விஷயம். அன்றைக்கு டாக்டர் கடைசியாகக் கேட்டது, உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கா என்று. ஒரு மகள் என்றேன். இது குடும்பத்தில் இறங்கலாம், எல்லாருக்கும் வராது, பெண்களுக்குத்தான் கொஞ்சம் அதிகமா வரும், ஒரு தடவை பரிசோதிச்சுக்கச் சொல்லுங்க என்றார். உனக்கு இருபத்திரண்டு வயதுதானே, அடுத்த வருஷம் வரும்போது பார்க்கலாம் என்று நானாகவே தள்ளிப்போட்டேன், அது என் தப்பு. முந்தாநாள் நீ இடது பக்கம் என்று சொன்னதும் டாக்டர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. சத்தம் பதிகிற உனக்குக் காதுதான் வேலையும் விளையாட்டும், அது எனக்குத் தெரியும். ஆகையால் நாளைக்குப் பார்சல் கட்டுவதற்கு முன் ஹெட்போனைத் திருப்பி மாட்டிக் கேள். பழுது பக்கம் மாறினால் சந்தோஷமாக அனுப்பிவிடு. மாறாவிட்டால் ரெக்கார்டரை வைத்துக்கொள், அது நல்ல ரெக்கார்டர். மாறினாலும் மாறாவிட்டாலும் இந்த மாதத்துக்குள் ஒரு காது டாக்டரைப் பார்த்து, அம்மாவுக்குக் காது எலும்பு இறுகுகிற வியாதி என்று சொல்லிப் பரிசோதனை செய்துகொள். பயப்படாதே. கதவு இறுகினால் திறக்க வழி இருக்கிறது, என்னையே பார்க்கிறாயே. ஆபரேஷன் உடனே வேண்டும் என்றுகூட இல்லை, எல்லாம் நிதானமாக யோசிக்கலாம். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன், கூப்பிட்டால் வந்துவிடுவேன், அப்பாவும் லீவு கேட்டு வைத்திருக்கிறார், உங்க அம்மா பிளேன்ல தூங்கமாட்டா, பக்கத்து சீட்டுக்காரனுக்காக நானும் வரணும் என்கிறார்.

முருகன் உனக்குத் துணை இருக்கட்டும். நீண்ட ஆயுளோடும் நிறைந்த செவியோடும் இரு. கடைக்காரன் மாற்றிக் கொடுக்கிற பழுதாகவே அது இருக்கட்டும் என்றுதான் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டுப் பார்த்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு, செய்தி எதுவானாலும் முதலில் எனக்கு. மெதுவாகவே சொல், போதும். எந்தக் காதில் போனை வைத்தாலும் இப்போது எனக்குக் கேட்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா
சந்திரமதி அர்ச்சுனன்