நாலு நாலாகப் போட்ட கோடு

பெரிய காஞ்சிபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சங்கீதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் பெண் தீபிகா மூவரும் நலம், குவைத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே கோபித்துக்கொள்வாய், அதனால்தான் எழுதி, பக்கத்து வீட்டு ஜெயப்ரியாவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

தீபிகாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வரவில்லை, ஜூனில் சென்னை ஹாஸ்டலில் சேர்த்துவிடுகிறேன் என்றாயே, அன்றிலிருந்து குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை. தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. நீளமான சொல் வந்தால் திணறுகிறாளே என்று புத்தகம் முழுக்க நாலு எழுத்துக்கு ஒரு பென்சில் கோடு போட்டுக் கொடுத்தேன். தறியில் பாவு இழையை நாலு நாலாக எண்ணியே பழகிய கை, ஏபிசிடிக்கு மேல் எனக்கு என்ன தெரியும். ஆயா போட்ட கோடாயிற்றே என்று அவளும் அங்கங்கே நிறுத்தி வாசிக்க, வகுப்பே சிரித்திருக்கிறது.

மூன்று வாரம் முன்பு ஒரு வியாழக்கிழமை அவள் வகுப்பு துர்காதேவி டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "யாரும்மா இப்படி வெட்டி வச்சது, கறிக்கடையாட்டம்?" என்றார். நான் வாய் திறக்குமுன் தீபிகா, "எங்க ஆயாவ ஒண்ணும் சொல்லாதீங்க மிஸ், அது அஞ்சாங்கிளாஸ்தான்" என்றாள். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு 'அன்கம்ஃபர்ட்டபிள்' என்று இங்கிலீஷில் பதின்மூன்று எழுத்துச் சொல் ஒன்றை எழுதினார். என் கணக்கில் மூன்று கோடு, கடைசியில் ஓர் எழுத்து தனியாகத் தொங்கியது. அவர் இரண்டே கோடு போட்டார். நடுவில் இருப்பது வசதி, முன்னால் ஒட்டியது அதை இல்லை என்கிறது, பின்னால் ஒட்டியது சொல்லை முடித்துக் கொடுக்கிறது. இது அர்த்தத்துக்காம். வாய்க்கு வேறு, கைதட்டிச் சொன்னால் ஐந்து துண்டு. கரையும் உடலும் சேருகிற இடத்தைச் சேலையில் விரலால் தேடுவோமே, அப்படித்தான் தீபிகா இப்போது சொல்லில் தேடுகிறாள். மருந்துச் சீட்டு, பஸ் விளம்பரம் எதையும் விடுவதில்லை. "தறி சத்தம் போதாதுன்னு இதுவும் தட்டிக்கினு கெடக்குது" என்று உன் அப்பா அலுத்துக்கொள்கிறார், ஆனால் அவள் தட்டும்போது தறியை நிறுத்திவிடுகிறார். நேற்று இருபது சொல்லில் பதினாறு சரி, போன மாதம் ஐந்துதான்.

ஹாஸ்டல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பெற்றவள் நீ. ஆனால் நான் போட்ட கோட்டுக்காக அவளை அனுப்பாதே. வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, வீடியோவில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேள், பிறகு முடிவு செய். தடுக்கினால் நீ எடுத்துக் கொடுக்காதே, அவளே திரும்பிப் போய்ச் சரிசெய்துகொள்வாள், கொஞ்சம் பொறு.

காமாட்சி உன்னை நல்லபடியாக வைத்திருப்பாள். வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே.

உன் அம்மா
பொன்னியம்மாள்