நான் மாற்றி வாசித்த வசனம்

என் அத்தானுக்கு,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உங்களுக்கு வாசிக்க வராது என்பது எனக்குத் தெரியாதா? பூனாவிலேயே பிறந்து, கேம்ப் வட்டாரத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் மராத்தியும் படித்து, தமிழைப் பேச மட்டும் தெரிந்துகொண்ட மனுஷன் நீங்கள். பதினாறு வருடம் உங்களுக்கு வந்த கடுதாசி, கல்யாணப் பத்திரிகை, சபை அறிக்கை எல்லாம் நான்தான் வாசித்தேன். ஆனால் இந்த விஷயத்தைச் சொல்ல எனக்கு வேறு பாஷை வராது. அங்கே யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

குறுக்கே பேசாமல் கேளுங்கள். முதலில் செய்தி. போன சனிக்கிழமை எனக்கு நாற்பத்தைந்து முடிந்தது. அன்று காலை நான் ஆகாயத்தில் பறந்தேன். எதில் என்று கேட்கிறீர்களா? அதில்தான். உங்கள் ஆபீஸ் சிநேகிதர் ஜோஷி உறுப்பினராக இருக்கிற பிளையிங் கிளப்பின் அந்தப் பழைய இரட்டை இறக்கை விமானத்தில். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று துணி போர்த்திய இறக்கைகள், நடுவில் கம்பிகள், தலைக்கு மேல் கூரை கிடையாது. நீங்கள் காகிதத்தில் வரைந்து வரைந்து காட்டுவீர்களே, அப்படியேதான் இருந்தது.

நானாகப் போகவில்லை. உங்கள் மகள் செய்த வேலை. பிரமிளாவுக்கு இப்போது இருபது வயது, கேம்ப்பில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். பஸ்ஸில் ஜோஷியைப் பார்த்திருக்கிறாள். அவர் ஏதோ பேச்சுவாக்கில், ஏழு வருடத்துக்கு முன்னால் உன் அப்பாவுக்குத்தான் அதில் ஒரு இடம் வைத்திருந்தேன் என்று சொல்லியிருக்கிறார். இவள் அவரையே பிடித்து, எனக்கு அந்த இடத்தை வாங்கிவிட்டாள். பிறந்தநாள் காலை ஜெபம் முடிந்ததும் சொன்னாள்.

"மம்மி, புடவை கிடவை எல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டீங்க இல்ல. இதான் கிஃப்ட். பப்பாவுக்குக் கிடைக்கல, உங்களுக்காவது கிடைக்கட்டும்."

"உனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? நான் போகலை."

"ஏன்? பப்பாவுக்குத்தான் வசனம் வேண்டாம்னு சொல்லிடுச்சு. உங்களுக்கு ஒண்ணும் சொல்லலியே?"

சட்டென்று போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பாளே என்கிற பயம்தான், வேறொன்றுமில்லை.

நம் வீட்டு வழக்கம் உங்களுக்கு மறந்திருக்காது. அந்த வாக்குத்தத்தப் பெட்டி இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. உள்ளே சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் தமிழில் ஒரு வேத வசனம். பிறந்தநாளன்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்போம். வருகிற வசனம் அந்த வருடத்துக்கு ஆண்டவர் தருகிற வார்த்தை.

எமர்ஜென்சி முடிந்த மறுவருடம், உங்கள் நாற்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு முந்தின வாரம் முழுக்க நாம் சண்டை போட்டோம். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று நான்தான் கேட்டேன். ஒரு நல்ல கைக்கடிகாரம் என்று சொல்வீர்கள் என்று நினைத்தேன். "ஒரே ஒரு தடவை அந்த பிளேன்ல" என்றீர்கள். துணியும் மரமுமாக ஒட்டிவைத்த ஒன்றில் பொண்டாட்டி பிள்ளை உள்ளவன் ஏறுவானா என்று நான் கத்தினேன். பதிமூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் இந்த ஊரில் யார் வீட்டு வாசலில் போய் நிற்பேன் என்று அழுதேன். கடைசியில் நீங்கள்தான் அலுத்துப்போய் ஒரு வழி சொன்னீர்கள்.

"சரி எஸ்தர், ஜகடா வேண்டாம். பர்த்டே அன்னிக்கு பெட்டியில என்ன வருதோ அதான். ஆண்டவர் சொல்லட்டும். ஓகேவா?"

ஓகே என்றேன். அன்று காலை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எடுத்தீர்கள். எடுத்ததை என்னிடம் நீட்டினீர்கள். "நீ வாசி, டீச்சர்."

அத்தான், அந்த அட்டையில் இருந்தது செட்டைகளைப் பற்றிய, கழுகின் சிறகுகளைப் பற்றிய வசனம். சோர்ந்துபோகாமல் உயரே எழும்புகிறவர்களைப் பற்றியது. அத்தனை அட்டை இருக்க அது ஏன் உங்கள் விரலில் வந்தது? நான் அதைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து, பூமியைவிட்டு எழும்பாமல் தங்கியிருக்கிறவனுக்கு ஒரு தீங்கும் வராது என்று பொருள் வருகிற மாதிரி, ஞாயிறு பள்ளியில் படித்தது பாதியும் நானே கட்டினது பாதியுமாக ஒன்றை வாசித்தேன். ஒரு இடத்திலும் திக்கவில்லை. கரும்பலகை முன்னால் நின்று பழகின குரல்.

நீங்கள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தீர்கள். "சமஜ் கயா" என்றீர்கள். நான் எதை வாசித்துக் காட்டினாலும் கடைசியில் சொல்வீர்களே, புரிந்தது என்று, அதே சமஜ் கயா. ஒரு முகச்சுளிப்புக்கூட இல்லை. அன்றைக்கே ஜோஷியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டீர்கள்.

அதோடு விட்டீர்களா? அடுத்த ஞாயிறு கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னீர்கள். என் ஆசையைவிட ஆண்டவருடைய வார்த்தை பெரிது என்று, உங்கள் உடைந்த தமிழில், எல்லோருக்கும் முன்னால். நான் பெண்கள் பக்கம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிரமிளா என் பக்கத்தில் இருந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பா என்றால் அந்த நிமிஷம்தான்.

அந்த வருடமே, மழை தொடங்கிய வாரம் நீங்கள் போய்விட்டீர்கள். ஆபீஸ் நாற்காலியில், பேனாவைப் பிடித்தபடி. நெஞ்சுவலி என்றார்கள். தரையில்தான் இருந்தீர்கள், அத்தான். நான் பொய் சொல்லிப் பத்திரப்படுத்தி வைத்திருந்த தரையில்.

அந்த அட்டையை உங்கள் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தேன். எரிக்கத் துணிச்சல் இல்லை, பெட்டியில் திரும்பப் போடவும் முடியவில்லை. வானவடியில் நம் வீட்டுக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் டீ டம்ளரோடு மொட்டை மாடிக்கு ஓடுவீர்களே. இப்போதும் சத்தம் கேட்டால் முதலில் உங்கள் நாற்காலி பின்னுக்கு நகர்கிற ஓசை வருகிறது, பிறகுதான் விமானம். பாளையங்கோட்டையிலிருந்து என் அக்கா கடிதம் போட்டால் நான் பழக்கத்தில் சத்தமாகத்தான் வாசிக்கிறேன். இரண்டு வரி முடிந்ததும் நிறுத்திவிடுகிறேன். "ஆகே? அப்புறம்?" என்று கேட்கிற உங்கள் குரலுக்காகத்தான் நிறுத்துகிறேன் என்று பிறகுதான் புத்தியில் உறைக்கிறது. பிரமிளா, மம்மிக்குத் தனியாகப் பேசுகிற வியாதி என்று கேலி செய்கிறாள்.

சரி, பறந்த கதைக்கு வருகிறேன். ஓட்டுகிறவர் மீசை நரைத்த மராத்திக்காரர். முன் இருக்கையில் என்னை உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டி, தோல் தொப்பியைத் தலையில் அமுக்கினார். பயணி முன்னால், ஓட்டுகிறவர் பின்னாலாம். இது எனக்குத் தெரியாது. தொப்பியின் காதுகளிலிருந்து ஒரு ரப்பர் குழாய் பின்னால் அவரிடம் போகிறது. பேசுவதற்கு வாய் வைக்க இன்னொரு குழாய். பயமாக இருந்தால் இதில் சொல்லுங்கள், உடனே இறக்கிவிடுகிறேன் என்று இந்தியில் சொன்னார். ஒருவன் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுற்றிவிட்டான். புல் ஓடி, புல் இல்லாமல் போனது.

பெட்ரோல் வாடை, காற்று, கொடியில் காய்கிற புடவை மாதிரி படபடக்கிற இறக்கைத் துணி. கீழே ஆறு. பர்வதி மலையின் படிக்கட்டு. கேம்ப் பக்கம் சிலுவை வைத்த கோயில் கோபுரங்கள். அதில் எது நீங்கள் சாட்சி சொன்ன இடம் என்று தேடினேன், தெரியவில்லை. எனக்குப் பயமே வரவில்லை, அத்தான். அதுதான் என்னைக் கொன்றது. இவ்வளவுதானா, இதற்கா அப்படி அழுதேன் என்று இருந்தது.

பிறகு குழாய் வழியாக ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், என்னால் அவரைப் பார்க்க முடியாது. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் திரும்பவில்லை. திரும்பாதவரைக்கும் அது நீங்கள்தான்.

பேசுகிற குழாயை வாயருகே எடுத்துக்கொண்டு, அந்த வசனத்தை வாசித்தேன். அட்டை வீட்டில் இருந்தது, ஆனால் எழுத்துக்கு எழுத்து எனக்குத் தெரியும். உள்ளது உள்ளபடி வாசித்தேன். "இதுதான் அன்னைக்கு வந்தது அத்தான். நான்தான் மாத்தி வாசிச்சுட்டேன்" என்றேன். நடுவில் குரல் உடைந்துவிட்டது.

கொஞ்ச நேரம் காற்று மட்டும். பிறகு காதுக்குள், ரொம்பத் தூரத்திலிருந்து வருகிற மாதிரி, "சமஜ் கயா" என்று கேட்டது. விமானம் மூக்கைத் தாழ்த்தி இறங்கத் தொடங்கியது.

நான் பயந்துவிட்டேன் என்று அந்த மனுஷன் நினைத்திருப்பார். இது எனக்குத் தெரியாமல் இல்லை, பைத்தியம் பிடிக்கவில்லை எனக்கு. ஆனால் அதே இடைவெளி விட்டு, அதே தணிவாக யார் சொல்வார்கள்?

இறங்கினதும் பிரமிளா ஓடிவந்து, "அழுதீங்களா மம்மி?" என்றாள். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பப்பா அதை சர்ச்ல எல்லார் முன்னாடியும் சொன்னாரு" என்றாள்.

"சொன்னாங்க."

"நீங்க கேட்டுட்டு உக்காந்திருந்தீங்க."

"உக்காந்திருந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் உங்கள் படத்தைக் கழற்றி, பின்னாலிருந்து அட்டையை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் தமிழ் வாசிக்க வராது, உங்கள் மகள்தானே. நான் பழக்கத்தில் கையை நீட்டினேன்.

"வேண்டாம் மம்மி. நீங்க வாசிக்க வேண்டாம்."

அட்டையோடு கீழ் வீட்டுக்குப் போனாள். மிலிட்டரியில் இருக்கிற சுப்பையா அண்ணன், நெற்றி நிறையத் திருநீறோடு, அதை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். ஜன்னல் வழியாக அவர் குரல் மேலே கேட்டது. முதல் தடவையாக அந்த வசனத்தை இன்னொருவர் வாயால் கேட்டேன்.

திரும்பி வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பப்பா அந்த பிளேன்ல போயிருப்பாரு மம்மி. சிரிச்சுக்கிட்டே போயிருப்பாரு" என்றாள். என்னை மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று நாளாக என் முகத்தைப் பார்க்காமல் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போகிறாள். அட்டை இப்போது பெட்டிக்குள் மற்ற அட்டைகளோடு இருக்கிறது. அவள்தான் வைத்தாள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள், அத்தான்? கோபப்பட்டிருக்கிறீர்களா? முன்பே தெரியுமா? தெரிந்துதான் அன்று அவ்வளவு நேரம் சும்மா இருந்தீர்களா?

இனி விமானச் சத்தம் கேட்டு உங்கள் நாற்காலி நகர்ந்தால், நான் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் நிற்கமாட்டேன். பின்னாலேயே மாடிக்கு வருவேன். அப்புறம் ஒரு நாள் நான் அங்கேயே வந்துசேருவேன். அங்கே உங்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்த அட்டையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் வாசித்து முடிக்கிறவரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி, பிரமிளாவின் அம்மா,
எஸ்தர்